வைகையின் வடகரை: மதுரையின் காலனியப் பகுதிகளும் நகர்ப்புறப் புத்தாக்கமும்

மதுரையில் வைகை ஆற்றின் வடகரையில் அமைந்த தல்லாகுளம், கோரிப்பாளையம், தமுக்கம், ரேஸ்கோர்ஸ் ஆகிய பகுதிகள் ஆங்கிலேயர் ஆட்சியில் அதிகாரிகளின் வாழிடமாகவும் அலுவலகங்களின் இடமாகவும் வளர்ந்தவை. அவற்றின் கிழக்கு நீட்சியாக, வண்டியூர்க் கண்மாயை ஒட்டி விடுதலைக்குப் பின் எழுந்த குடியிருப்பு கே.கே. நகர். கலைஞர் கருணாநிதி நகர் என்பதன் சுருக்கம் இது. தென்கரையில் மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றிய பழைய நகரத்தின் வெளிவீதிகளும் மாரட் வீதிகளும் ஆங்கிலேயர் காலத்தில்தான் தோன்றின.

புதுச்சேரியில் 'வெள்ளை நகரம்' என்று விரல் நீட்டிக் காட்ட ஓர் இடம் உண்டு. மதுரையில் அப்படி ஒன்று இல்லை. இங்கே காலனியப் பகுதி ஒரே நாளில் இடிக்கப்படவும் இல்லை, ஒரு திட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்படவும் இல்லை. வளாகம் வளாகமாகப் பயன் மாறியது, பெயர் மாறியது, பிறகு நினைவிலிருந்து மறைந்தது. அண்மைய ஆண்டுகளில் நடந்த புத்தாக்கப் பணிகள் நகரத்தின் எந்தக் காலத்தை 'மரபு' என்று தேர்ந்தெடுத்தன, எதைக் காலி மனையாகக் கருதின என்பதை இந்த வரலாற்றோடு வைத்துப் பார்த்தால்தான் விளங்கும்.

கோட்டை இடிந்து பிறந்த வீதிகள்

மதுரையின் வீதி அமைப்பு முழுவதும் பழங்காலத்தது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று தமிழ் மாதங்களின் பெயரில் சதுரத்துக்குள் சதுரமாக அமைந்த வீதிகளுக்கு அது பொருந்தும். அவற்றுக்கு வெளியே உள்ள வீதிகளின் கதை வேறு.

பதினாறாம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் கட்டிய கோட்டை, 72 கொத்தளங்களோடும் அகழியோடும் நகரத்தைச் சூழ்ந்திருந்தது. 1801இல் மதுரைச் சீமை முழுவதும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தபின் அந்தக் கோட்டைக்குப் படைப் பயன் குறைந்துபோனது. மதிலுக்குள் மக்கள் நெருங்கி வாழ்ந்தனர். அகழியில் நீர் தேங்கி நாறியது. 1834 முதல் 1847 வரை மதுரை ஆட்சியராக இருந்த ஜான் பிளாக்பர்ன் கோட்டையை இடித்து நகரத்தை விரிக்க முடிவு செய்தார். அரசு பெரும்பணம் செலவிடாமல் இதைச் செய்ய அவர் கண்ட வழி எளிமையானது: மதிலை இடித்து அந்த மண்ணால் அகழியைத் தூர்ப்பவருக்கே அந்த இடம் மனையாகக் கொடுக்கப்பட்டது. இன்றைய சொல்லில் சொன்னால், தனியார் பங்களிப்புடன் நடந்த நகர்ப்புறப் புத்தாக்கம் இது.

இப்படிப் பிறந்தவைதான் வெளிவீதிகள். அளவைப் பணியைச் செய்த மாரட் என்பவரின் பெயரில் மாரட் வீதிகளும், வேலையை மேற்பார்த்த பெருமாள் மேஸ்திரியின் பெயரில் பெருமாள் மேஸ்திரி வீதிகளும் அமைந்தன. ஓர் ஆங்கிலேய அளவையாளரும் ஒரு தமிழ் மேஸ்திரியும் கோயில் நகரத்தின் வீதிப் பெயர்களில் மாதங்களுக்கு அடுத்த வரிசையில் இடம்பெற்றது வேடிக்கையான நிகழ்வுதான். கீழமாரட் வீதியின் வெங்காயச் சந்தைக்குச் சரக்கெடுக்க வருபவர்களுக்கு 'மாரட்' யார் என்பது தெரிந்திருக்கத் தேவையில்லை. அந்தச் சொல் ஒரு ஆளைக் குறிப்பதை விட்டு ஓர் இடத்தைக் குறிக்கத் தொடங்கி நூறாண்டுக்கு மேல் ஆகிவிட்டது.

பிளாக்பர்னுக்கு நன்றியாக நகரத்தார் எழுப்பிய விளக்குத் தூணுக்கும் இதுவே நேர்ந்தது. விளக்குத்தூண் இன்று மதுரையின் துணிக்கடைப் பகுதியின் பெயர். பேருந்து நிறுத்தம், காவல் நிலையம் ஆகியவற்றின் பெயரும்கூட. தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் அங்கே கால் வைக்க இடமிருக்காது. அந்தக் கூட்டத்தின் நடுவே நிற்கும் தூண் ஒரு கலெக்டரின் நினைவுச் சின்னம் என்பதை அறிந்தவர் சிலரே. சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' நாவல் கோட்டை இடிப்பைக் கதையின் முக்கிய நிகழ்வாக எடுத்துக்கொண்டு, 2011இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற பிறகு இந்த வரலாறு வாசகர்களிடையே ஓரளவு பேசப்பட்டது. கோட்டையின் எச்சமாக ஒரு துண்டு பெரியார் பேருந்து நிலையத்தின் அருகே மேலவாசலில் நிற்கிறது.

ஆற்றுக்கு அப்பால்

தென்கரை நெரிசலாக இருந்ததால் ஆங்கிலேய அதிகாரிகள் வடகரையில் குடியேறினர். அங்கே அவர்களுக்கு முன் ஒன்றும் இல்லை என்று எண்ணுவது தவறு. நாயக்கர் காலத்துத் தமுக்கம் மாளிகை அங்குதான் இருந்தது. ராணி மங்கம்மாளோடு சேர்த்துச் சொல்லப்படும் அந்த மாளிகையின் முன்னிருந்த திடலில் யானைச் சண்டை போன்ற கேளிக்கைகள் நடந்ததாகக் கூறுவர். கோரிப்பாளையத்தில் தர்கா இருந்தது. தல்லாகுளத்தில் பெருமாள் கோயில் இருந்தது. சித்திரை மாதத்தில் அழகர் மலையிலிருந்து வரும் கள்ளழகர் இந்த வழியாகவே ஆற்றில் இறங்கி, பிறகு வண்டியூர் செல்கிறார். அதாவது, வடகரை அலுவலகங்களும் பங்களாக்களும் ஒரு ஊர்வலப் பாதையின் இருபுறமும் முளைத்தவை.

ஆயினும் ஆங்கிலேயர் கொண்டுவந்த நில அமைப்பு புதியது. தென்கரையில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி, திண்ணை வீதியைப் பார்க்க நின்றன. வடகரையில் ஒரு வீட்டுக்கு ஏக்கர் கணக்கில் தோட்டம், சுற்றுச்சுவர், வாயிலிலிருந்து உள்ளே போக நீண்ட பாதை. அதிகாரியின் வீட்டுக்கும் மக்களின் தெருவுக்கும் இடையே தொலைவு வைப்பதுதான் இந்த அமைப்பின் நோக்கம். அந்தத் தொலைவு பின்னாளில் பெரும் நில இருப்பாக மாறியது. விடுதலைக்குப் பிறகு அரசுக்கு ஓர் அலுவலகமோ அரங்கமோ கட்ட இடம் தேவைப்பட்டபோதெல்லாம் இந்த வளாகங்கள் கை கொடுத்தன.

1812 முதல் 1828 வரை ஆட்சியராக இருந்த ரௌஸ் பீட்டர், மக்களால் 'பீட்டர் பாண்டியன்' என்று அழைக்கப்பட்டார். ஒரு மழை இரவில் சிறுமி உருவில் வந்த மீனாட்சி அம்மன் அவரை இடி விழவிருந்த வீட்டிலிருந்து வெளியே அழைத்துச் சென்றதாக ஒரு செவிவழிக் கதை உண்டு. அதற்கு நன்றியாக அவர் அளித்ததாகக் கூறப்படும், கற்கள் பதித்த தங்கப் பாதுகைகள் இன்றும் கோயிலில் உள்ளன. காலனிய அதிகாரி ஒருவரை மதுரை தன் நினைவில் வைத்துக்கொண்ட விதம் இது. அவர் ஆட்சியின் வரி வசூலும் தீர்ப்புகளும் மறந்துபோயின. அம்மன் கதைக்குள் வந்ததால் அவர் நிலைத்தார்.

1875இல் தொடர்வண்டி வந்தது. 1889இல் இளவரசர் ஆல்பர்ட் விக்டரின் பெயரில் வைகையின் மேல் பாலம் திறக்கப்பட்டது. அதுவரை ஆற்றில் வெள்ளம் வந்தால் துண்டிக்கப்பட்ட வடகரை, அதன்பின் நகரத்தோடு நிலையாக இணைந்தது. பசுமலையில் 1881இல் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரி 1909இல் தல்லாகுளத்துக்கு இடம் மாறியது. ஹென்றி இர்வின் வடிவமைத்த அதன் சிவப்புச் செங்கல் கட்டடம், அந்த வட்டாரத்தின் காலனியக் கட்டடக் கலைக்கு நல்ல எடுத்துக்காட்டு. இன்றும் அது கட்டப்பட்ட அதே நோக்கத்துக்குப் பயன்படுகிறது.

தென்கரையில் தொடர்வண்டிப் பாதையை ஒட்டி ஹார்வி சகோதரர்களின் மதுரா மில் எழுந்தது. அதிகாரிகளின் காலனிய மதுரை வடகரையில் என்றால், தொழிலாளரின் காலனிய மதுரை இங்கே இருந்தது. திருப்பரங்குன்றம் அருகே தொழிலாளருக்காக உருவான குடியிருப்பு இன்றும் ஹார்விபட்டி என்றே வழங்குகிறது. கலெக்டர்களின் பெயர்கள் உதிர்ந்துபோக, ஆலை முதலாளியின் பெயர் தொழிலாளர் வாழ்ந்த இடத்தில் ஊர்ப் பெயராகவே நின்றுவிட்டது.

பெயர் மாறிய வளாகங்கள்

விடுதலைக்குப் பின் வடகரையில் நடந்த மாற்றத்தில் இடிப்பைவிடப் பெயர் மாற்றமும் பயன் மாற்றமுமே முதலில் வந்தன. ஆங்கிலேய அதிகாரிகள் பயன்படுத்திய தமுக்கம் மாளிகை, 1959 ஏப்ரல் 15 அன்று பிரதமர் நேருவால் காந்தி நினைவு அருங்காட்சியகமாகத் திறந்து வைக்கப்பட்டது. நாயக்கர் மாளிகையாகவும் நவாபின் உடைமையாகவும் கம்பெனி அதிகாரியின் இல்லமாகவும் இருந்த ஒரே கட்டடம், கம்பெனி ஆட்சியின் வழிவந்த அரசை எதிர்த்தவருக்கு நினைவகமானது. இதில் ஒரு வரலாற்று நீதி உண்டு. ஆனால் அங்கு செல்லும் பள்ளி மாணவருக்கு மாளிகையின் முந்தைய வாழ்வுகளை விட காந்தி அணிந்திருந்த இரத்தக் கறை படிந்த ஆடையே நினைவில் நிற்கும். அது இயல்பே.

சென்னை மாகாண ஆளுநர் எர்ஸ்கின் பெயரில் வடகரையில் அமைந்த மருத்துவமனை, பின்னாளில் அரசு இராசாசி மருத்துவமனை ஆனது. மதுரை மக்களுக்கு அது எப்போதும் 'பெரியாஸ்பத்திரி'. ஆளுநரின் பெயரும் சரி, முதலமைச்சரின் பெயரும் சரி, பலகையில்தான் வாழ்ந்தன. குதிரைப் பந்தயத் திடல் எம்.ஜி.ஆர். பெயரில் விளையாட்டரங்கம் ஆனது. சாலையும் குடியிருப்பும் மட்டும் 'ரேஸ்கோர்ஸ்' என்ற சொல்லை விடவில்லை. ஆங்கிலேயர் காலம் முதல் திருமலை நாயக்கர் மகாலில் நடந்துவந்த மாவட்ட நீதிமன்றம் 1970இல் அங்கிருந்து வெளியேறியது. மகால் சுற்றுலா இடமாயிற்று. நீதித் துறையும் வடகரைக்கு வந்து சேர்ந்தது.

1981 சனவரியில் நடந்த ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு இந்த வட்டாரத்துக்கு மற்றொரு அடையாளத்தை ஏற்றியது. தமுக்கத்தில் தமிழன்னை சிலை நின்றது. மாட்டுத்தாவணி அருகே மேலூர் சாலையில் நக்கீரர் தோரணவாயில் எழுந்தது. கலெக்டர்களின் வடகரையைத் தமிழின் வடகரையாக மாற்றும் முயற்சி இது. 2016இல் திறக்கப்பட்ட உலகத் தமிழ்ச் சங்க வளாகமும் அதன் தொடர்ச்சியே. ஆங்கிலேயர் தங்கள் ஆட்சியைக் காட்ட எந்த நிலத்தைப் பயன்படுத்தினார்களோ, அதே நிலத்தில்தான் தமிழக அரசுகளும் தங்கள் அடையாளத்தை எழுதின. அகலமான சாலையும் பெரிய வளாகமும் அங்கேதான் கிடைத்தன.

கண்மாய்க் கரையில் ஒரு நகர்

தல்லாகுளத்திலிருந்து கிழக்கே மேலூர் சாலையில் சென்றால் அந்தக் காலத்தில் வயல்களும் கண்மாய்களும்தான். 1895இல் பெரியாறு அணை திறக்கப்பட்டு, மேற்கே பாய்ந்த நீர் வைகைப் படுகைக்குத் திருப்பப்பட்டது. மதுரையின் வடக்கிலும் மேலூர்ப் பக்கத்திலும் இருந்த சமவெளி அதனால் உறுதியான பாசனம் பெற்றது. வடகரையில் காலனிய ஆட்சி விட்டுச்சென்ற தடங்களில் பங்களாக்களைவிட ஆழமானது இந்த நீர்தான்.

அந்த ஆயக்கட்டின் மேல்தான் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நகரம் ஏறியது. 1961இல் உருவான தமிழ்நாடு வீட்டுவசதி வாரியத்தின் காலத்தில் அண்ணா நகரும் கே.கே. நகரும் மனைப் பிரிவுகளாக வளர்ந்தன. 1971இல் மதுரை மாநகராட்சியானது இந்த விரிவுக்கு உந்துதலாயிற்று. அரசு ஊழியர், ஆசிரியர், வழக்கறிஞர், மருத்துவர் ஆகியோர் பழைய நகரத்தின் ஒடுங்கிய வீடுகளை விட்டு இங்கே வந்தனர். அரவிந்த் கண் மருத்துவமனை 1976இல் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிப் பின் அண்ணா நகரில் வளர்ந்தது. எண்பதடிச் சாலையின் இருபுறமும் மருத்துவமனைகளும் உணவகங்களும் நிறைந்தன.

இந்தப் புதிய நகர்களைக் காலனியப் பகுதி என்று யாரும் சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. ஆனால் அவற்றின் வடிவம் தென்கரை வீதிகளிலிருந்து வரவில்லை. நேர்கோட்டுச் சாலை, சுற்றுச்சுவருக்குள் தனி வீடு, முன்னால் சிறு தோட்டம், இரும்புக் கதவு: பங்களாவின் இலக்கணம் அரைக்கிரவுண்டு மனைக்குச் சுருங்கி வந்திருக்கிறது. அதிகாரிக்கு மட்டும் உரியதாக இருந்த வாழ்முறை வாரியத் தவணையில் நடுத்தர வர்க்கத்துக்குக் கிடைத்தது. தென்கரையின் திண்ணை மட்டும் ஆற்றைக் கடக்கவில்லை. தெருவில் போகிறவர் உட்காரத் திண்ணை இருந்த ஊரில் இப்போது 'நாய்கள் ஜாக்கிரதை' பலகை.

இழந்தது எது என்பதை ஊர்ப் பெயர்களே சொல்கின்றன. மேலமடை என்பது கண்மாயின் மேல்மடை. தல்லாகுளம், உலகநேரி இரண்டும் நீர்நிலைப் பெயர்கள். முன்னதில் மாநகராட்சித் தலைமையகமும் பின்னதில் 2004 சூலை 24 அன்று தொடங்கிய உயர் நீதிமன்ற மதுரைக் கிளையும் இருக்கின்றன. மாட்டுத்தாவணி என்றால் மாட்டுச் சந்தை. 1999இல் அங்கே பெரிய பேருந்து நிலையம் வந்தது, பின் காய்கறிச் சந்தையும் பூச்சந்தையும் வந்து சேர்ந்தன. வண்டியூர்க் கண்மாய்க் கரைச் சாலைக்கு 'லேக் வியூ ரோடு' என்று பெயர். கண்மாய் 'லேக்' ஆனபோது அது பாசனத்துக்கு உரிய ஒன்று என்ற நிலையிலிருந்து பார்த்து மகிழத்தக்க காட்சியாக மாறியது. இந்தச் சொல் மாற்றம் காலனிய ஆட்சியில் நடக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆங்கிலேயர் அரசிதழ்களிலும் வரிக் கணக்கிலும் கண்மாயை வருவாய் தரும் நீர்நிலையாகவே எழுதினர்.

சீர்மிகு நகரம் தேர்ந்தெடுத்த காலம்

2016 செப்டம்பரில் நடுவண் அரசின் சீர்மிகு நகரத் திட்டத்தில் மதுரை சேர்க்கப்பட்டது. பணிகளின் மையம் கோயிலைச் சுற்றிய பழைய நகரம். வீதிகளுக்குக் கல் பாவப்பட்டது. பெரியார் பேருந்து நிலையம் இடிக்கப்பட்டுப் புதிதாக எழுந்தது. கோயிலருகே பழைய சென்ட்ரல் மார்க்கெட் இருந்த இடத்தில் பல அடுக்கு வாகன நிறுத்தம் வந்தது. திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்தில் தலைமுறைகளாக இருந்த தையல்காரர்களும் புத்தக, பாத்திர வணிகர்களும் குன்னத்தூர்ச் சத்திரத்தில் புதிதாகக் கட்டப்பட்ட கடைகளுக்கு மாற்றப்பட்டனர்.

புதுமண்டப மாற்றம் இந்தத் திட்டத்தின் பார்வையைத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு. பதினேழாம் நூற்றாண்டுச் சிற்பத் தூண்களைக் கடைச் சாமான்களும் ஆணிகளும் மறைத்திருந்தன என்பதில் ஐயமில்லை. தூண்களைக் காக்கக் கடைகள் வெளியேறத்தான் வேண்டும் என்ற வாதத்துக்கு வலு உண்டு. ஆயினும் மண்டபத்துக்குள் அமர்ந்து துணி தைத்த சந்தையும் ஒரு மரபுதான். திருவிழா நாளில் சாமி வேடத்துக்கும் கோயில் காணிக்கைக்கும் வேண்டிய துணியைத் தைத்துக் கொடுத்தவர்கள் அந்த மண்டபத் தையல்காரர்கள். அரசின் கணக்கில் நாயக்கர் காலம் மரபு. அதற்குப் பிந்திய நூறு, நூற்றைம்பது ஆண்டுகள் அதன்மேல் படிந்த தூசு.

வடகரையில் அந்தத் திட்டம் எதிர்மாறாக இயங்கியது. அங்கே எதுவும் மரபாகக் கொள்ளப்படவில்லை, வெற்றுநிலமாகவே கொள்ளப்பட்டது. தமுக்கம் திடலில் மாநாட்டு மையம் கட்டப்பட்டு 2022இல் திறக்கப்பட்டது. சித்திரைப் பொருட்காட்சியும் அரசியல் கூட்டங்களும் நடந்த வெட்டவெளி அது. காலையில் நடைப்பயிற்சிக்கும் மாலையில் மட்டைப்பந்துக்கும் கட்டணமின்றித் திறந்திருந்தது. நாயக்கர் காலத்தில் வேடிக்கை பார்க்கவும், ஆங்கிலேயர் காலத்தில் அதிகாரியின் முன்றிலாகவும், விடுதலைக்குப் பின் எல்லார்க்கும் உரியதாகவும் இருந்த நிலத்தின் பெரும் பகுதி, வாடகைக்குக் கிடைக்கும் அரங்கமாயிற்று. மாநகராட்சிக்கு வருவாய் தேவை என்பதும், தென்மாவட்டங்களுக்குப் பெரிய மாநாட்டுக் கூடம் இல்லாதிருந்தது என்பதும் உண்மையே. ஆனால் தமுக்கத்தின் தனித்தன்மையாக இருந்தது அங்கு கட்டடம் இல்லாமைதான்.

பென்னிகுயிக் வாழ்ந்த வீடா?

வடகரையின் காலனியக் கட்டடம் ஒன்று தமிழகம் முழுவதும் பேசப்பட்டது ஒரே ஒரு முறை. 2021இல் மதுரையில் கலைஞர் நினைவு நூலகம் கட்டப் புது நத்தம் சாலையில் உள்ள பொதுப்பணித் துறை வளாகம் தேர்வானது. அங்கிருந்த பழைய கட்டடம் பெரியாறு அணையைக் கட்டிய ஜான் பென்னிகுயிக் வாழ்ந்த வீடு என்றும், அதை இடிக்கக் கூடாது என்றும் எதிர்ப்பு எழுந்தது. பெரியாறு பாசன விவசாயிகளும் எதிர்க்கட்சியினரும் குரல் கொடுத்தனர். அரசுத் தரப்பு ஆவணங்களைக் காட்டியது: பென்னிகுயிக் 1911 மார்ச்சில் இங்கிலாந்தில் இறந்தார், அந்தக் கட்டடம் 1912-13இல் கட்டப்பட்டது. ஆகவே அவர் அங்கே வாழ்ந்திருக்க முடியாது.

எதிர்ப்பின் உணர்வு புரிந்துகொள்ளத்தக்கது. தேனி மாவட்டத்துப் பாலார்பட்டியில் அவர் பிறந்த நாளான சனவரி 15 அன்று பொங்கல் வைக்கிறார்கள். வீடுகளில் அவர் படம் சாமி படங்களோடு தொங்குகிறது. 2013இல் லோயர் கேம்ப்பில் அரசே அவருக்கு மணிமண்டபம் திறந்தது. பீட்டர் பாண்டியனுக்கு அடுத்தபடியாகத் தென்தமிழகம் தன்னுடையவராக ஏற்றுக்கொண்ட ஆங்கிலேயர் அவர்தான்.

காலக் கணக்கில் அரசு சொன்னதே சரி. ஆனால் விவாதம் நின்ற இடம்தான் யோசிக்க வைக்கிறது. பென்னிகுயிக் வாழவில்லை என்று தெரிந்ததும் அந்தக் கட்டடத்துக்காகப் பேச எவரும் இல்லை. 1912-13இல் கட்டிய கட்டடம் 2021இல் நூற்றாண்டைத் தாண்டியது. பொதுப்பணித் துறையின் பொறியாளர்கள் வடகரையை உருவாக்கிய காலத்தின் சான்று அது. பெரிய மனிதர் ஒருவர் படுத்துறங்கியிருந்தால் மட்டுமே கட்டடத்துக்கு வரலாறு உண்டு என்ற கணக்கு ஆதரித்தவர், எதிர்த்தவர் இரு தரப்பிலும் ஒன்றாகவே இருந்தது. கட்டடத்தின் காலம், அமைப்பு, கட்டுமானப் பொருள், சுண்ணாம்பும் செங்கலும் சுமந்த கொத்தனார்கள் ஆகியவை விவாதத்துக்குள் வரவே இல்லை.

நூலகம் 2023 சூலை 15 அன்று, காமராசர் பிறந்த நாளில் திறக்கப்பட்டது. இரண்டு லட்சம் சதுர அடிக்கு மேற்பட்ட பரப்பு கொண்டது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களும் விடுமுறையில் குழந்தைகளோடு வரும் குடும்பங்களுமாக அங்கே கூட்டம் குறைவதில்லை. தல்லாகுளம் வட்டாரத்தில் சாதாரண மக்கள் கட்டணமின்றி உள்ளே சென்று நாள் முழுவதும் அமர்ந்திருக்கக் கிடைத்த முதல் பெரிய கட்டடம் அது என்றுகூடச் சொல்லலாம். சுற்றுச்சுவருக்குள் அதிகாரிகளுக்கு என்று ஒதுங்கியிருந்த வளாகம் இப்படித் திறந்ததை இழப்பு என்று மட்டும் எழுதுவது நேர்மையாகாது.

பிற நகரங்கள்

புதுச்சேரியில் இன்டாக் அமைப்பு பிரெஞ்சுப் பகுதியோடு தமிழர் பகுதியையும் மரபாகக் கருதியது. வைசியாள் வீதியின் திண்ணை வீடுகளைச் சீரமைத்த பணி 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபு விருது பெற்றது. அதே நகரில் பராமரிப்பின்றி விடப்பட்ட மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்து, பின் அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டப்பட்டது.

பினாங்கின் சார்ச்சு டவுன் வேறு வகை எச்சரிக்கை. அங்கே வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டு 2000 முதல் வாடகை உயர்ந்தது; பழைய குடும்பங்களும் சிறு தொழிலாளரும் வெளியேறினர். 2008இல் உலக மரபு நகரம் என்ற சிறப்பு வந்தபோது கட்டடங்கள் காப்பாற்றப்பட்டன, அவற்றில் வாழ்ந்தவரில் பலர் அங்கு இல்லை. கொழும்புக் கோட்டையின் ஒல்லாந்தர் மருத்துவமனை 2011இல் சீரமைக்கப்பட்டு, கடைகளும் உணவகங்களுமாகத் திறந்தது. கட்டடம் பிழைத்தது, உள்ளே செல்லப் பணம் வேண்டும். மதுரையின் தமுக்கத்திலும் புதுமண்டபத்திலும் எழுந்த அதே கேள்விதான் இந்நகரங்களிலும்: யாருக்காகக் காப்பது?

மேம்பாலமும் தோரணவாயிலும்

கடந்த சில ஆண்டுகளில் வடகரையை மாற்றியவற்றில் சாலைப் பணிகளே முதன்மையானவை. தல்லாகுளத்திலிருந்து ஊமச்சிகுளம் வரை 7.3 கிலோமீட்டர் நீள உயர்மட்டச் சாலை 2023 ஏப்ரலில் திறக்கப்பட்டது. கீழே நத்தம் சாலையின் மர நிழல் போனது. மேலே செல்பவர் தல்லாகுளத்தைப் பார்க்காமலே கடந்து செல்கிறார். கோரிப்பாளையத்திலும் மேம்பாலப் பணி தொடங்கியது.

1981இல் எழுந்த நக்கீரர் தோரணவாயில் போக்குவரத்துக்கு இடையூறாக உள்ளது என்று வழக்கு நடந்து, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவின்படி 2025 பிப்ரவரியில் இரவு நேரத்தில் இடிக்கப்பட்டது. இடிப்பின்போது ஒரு பகுதி சரிந்து விழுந்து இயந்திர ஓட்டுநர் உயிரிழந்தார். காலனியத் தடங்களின் மேல் தமிழ் அடையாளத்தை நிறுவ எழுந்த வாயில் 44 ஆண்டுகளே நின்றது. கே.கே. நகரிலிருந்து மாட்டுத்தாவணிக்குச் செல்லும் பேருந்துகள் இப்போது அந்த இடத்தைத் தடையின்றிக் கடக்கின்றன. இளவரசர் பெயர் கொண்ட 1889ஆம் ஆண்டுப் பாலம் ஏ.வி. மேம்பாலம் என்ற பெயரில் இன்றும் வண்டிகளைச் சுமக்கிறது. சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குவதைக் காண மக்கள் அதன் கைப்பிடிச் சுவரோரம் முதல் நாள் இரவே இடம் பிடிக்கிறார்கள்.